சிறுவர் வாசிப்பு வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையில் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஜூலை 28 இங்கிலாந்தின் சிறுவர் எழுத்தாளர், ஓவியர் பீட்ரிக்ஸ் பாட்டரின் பிறந்தநாள். பிறந்த ஆண்டு 1866. அவர் எழுதி வரைந்த பீட்டர் என்ற முயலின் கதையைச் சொல்லி ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். மூன்று கூட்டங்கள் ஆகிவிட்டன. காரணம், காளான்.

பாட்டருக்கு லண்டனில் வசதியான வீடு; பள்ளிக்கூடம் போனதே இல்லை. முயல், முள்ளெலி, வௌவால் என்று வீட்டுக்குள்ளேயே வளர்த்து வரைந்தார். ஸ்காட்லாந்தில் கழித்த கோடைகளில் காளான் பித்துப் பிடித்தது. அங்கே தபால்காரராக இருந்த சார்லஸ் மெக்கின்டாஷ் அவருக்குக் காளான்களைத் தபாலிலேயே அனுப்பிவைத்தார். முழுக் காளானோடு அதை நெடுக வெட்டிய தோற்றத்தையும் பாட்டர் வரைந்தார்.

நாங்களும் சிப்பிக் காளான் வாங்கிக் குழந்தைகளிடம் கொடுத்தோம். ஒரு சிறுமி அதைக் கவிழ்த்து, அடியில் உள்ள மடிப்புகளை எண்ணத் தொடங்கினாள். நாற்பதைத் தாண்டியதும் கணக்குத் தவறி, மறுபடி ஒன்றிலிருந்து. படம் பாதியில் நிற்கிறது. என் கணக்கில் அன்றைய சிறந்த படம் அதுதான்.

காளான் வித்து முளைப்பது பற்றிப் பாட்டர் எழுதிய கட்டுரை 1897இல் லண்டனின் இயற்கை அறிவியல் அமைப்பான லின்னேயன் சங்கத்துக்குப் போனது. பெண்களுக்கு அனுமதி இல்லாததால் அவர் போக முடியவில்லை. அவரைச் சரியாக நடத்தவில்லை என்று சங்கம் ஒப்புக்கொள்ள நூறு ஆண்டு ஆனது. "நம் செயற்குழுவில் மட்டும் எத்தனை பெண்கள்?" என்று ஓர் உறுப்பினர் குறுக்கிட்டார். ஒருவர்தான். கூட்டக் குறிப்பில் ஏற்றியிருக்கிறேன்.

முயல் கதை 1893இல் நோயல் என்ற நோயாளிச் சிறுவனுக்கு எழுதிய படக்கடிதம். பதிப்பகங்கள் மறுக்கவே, 1901இல் சொந்தக் காசில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு வார்ன் பதிப்பகம் வெளியிட, பணம் வந்தது. அந்தப் பணம் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தில் பண்ணைகளாக மாறியது. அந்தப் பகுதிக்கே உரிய ஹெர்ட்விக் இனச் செம்மறி ஆடு வளர்த்தார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார்.

செயற்குழுவில் இரண்டு இடங்கள் காலி. தேர்தல் இன்றே, தேநீருக்குப் பின். மேலே குறுக்கிட்ட உறுப்பினரின் பெயரை நானே முன்மொழிகிறேன்.

செயலாளர்