மீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்: கார் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் உபியிலும் காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

இரவில் டேஷ்போர்டு விளக்கு எரியவில்லை என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தால், எடுத்த எடுப்பில் வேகம் காட்டும் "மீட்டரையே மாற்றணும்" என்று சொல்லாதீர்கள். என் காரைப் பார்த்த ஒரு பட்டறையில் அப்படித்தான் சொன்னார்கள். ஃபியூஸ் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்காமல் பல நூறு வெள்ளி (டாலர்) ஆகும் என்றார்கள். வேறொரு பட்டறையில் இருந்த பெரியவர் முன்விளக்கைப் போடச் சொல்லிவிட்டு நேராக வண்டியின் பின்பக்கம் போனார். பின்விளக்கும் எரியவில்லை. ஒரே ஒரு ஃபியூஸ் போயிருந்தது, அதன் விலை ஒரு கோப்பிக்குக்கூட வராது.

எனக்குக் காசைவிட அந்தப் பின்விளக்குதான் பெரிய விஷயம். பல கார்களில் மீட்டர் வெளிச்சமும் பின்விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் ஒரே ஃபியூஸில் ஓடுகின்றன. பிரேக் விளக்குக்குத் தனி ஃபியூஸ் என்பதால் அது எரியும், ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. இங்கே இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை விளக்கு போட்டே ஆகவேண்டும். மழை கொட்டும் இரவில் விரைவுச்சாலையில் பின்விளக்கு இல்லாத கார் போனால் பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர் என்ன செய்வார்? மீட்டரை மட்டும் மாற்றி அனுப்பினால் அந்த ஆபத்து அப்படியே இருக்கும்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. மீட்டர் முள் எல்லாம் சரியாக நகர்ந்து வெளிச்சம் மட்டும் இல்லையென்றால் முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைப் பார்க்க வேண்டும். துடைக்கும்போது கைபட்டுக் குறைந்திருக்கலாம். அப்புறம் ஃபியூஸ். பழைய வண்டிகளில் பல்புகள் ஒவ்வொன்றாகத்தான் போகும், எல்லாம் ஒரே இரவில் அணைந்தால் குற்றம் பெரும்பாலும் பல்பில் இருக்காது. முள்ளும் செத்துப்போயிருந்தால் பேட்டரி, எர்த் வயர், அதற்குப் பிறகு மீட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு. புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசுகிறது. தயவுசெய்து அதிக ஆம்பியர் ஃபியூஸைச் செருகி அனுப்பிவிடாதீர்கள், வயரே தீப்பிடிக்கும்.

10 ஆண்டு முடிந்தும் சிஓஇ (கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுபவர்கள் நம்மிடையே நிறைய பேர். அவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளியும் கணக்கு. மீட்டரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றாலும் சரி, பழைய மீட்டர் காட்டிய கிலோமீட்டரை ரசீதில் எழுதிக் கொடுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மீட்டரில் இன்னொரு காரின் ஓட்டம்தான் இருக்கும். நாளைக்கு அந்தக் காரை வாங்குபவர் ஏமாந்துபோவார்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், எண்ணெய், பிரேக் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிகின்றனவா என்று வாடிக்கையாளரையும் அருகில் வைத்துப் பாருங்கள். போன ஃபியூஸை அவர் கையில் கொடுங்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் பின்பக்கமும் ஒரு தடவை போய் நில்லுங்கள்.

அன்புடன்,
ஈசூனில் வசிக்கும் ஒரு கார் ஓட்டுநர்