தலைமைப் பயிற்சி நடத்துபவர்களுக்கு, கார்ட்டூன் பார்த்து வளர்ந்த ஒருவரின் திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களே,

வணக்கம். உங்கள் வகுப்புகளில் இப்போதெல்லாம் கார்ட்டூன் பாத்திரங்கள் அடிக்கடி தலைகாட்டுகிறார்கள். திரையில் ஒரு படம், பக்கத்தில் ஒரு நற்குணம். பப்பாய்க்கு மன உறுதி, மிக்கிக்கு உற்சாகம், ஜெர்ரிக்குச் சமயோசிதம். எல்லோரும் சிரிப்பார்கள், சின்ன வயது ஞாபகம் வரும், நீங்கள் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவீர்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை. அந்தக் கார்ட்டூன்களில் வரும் தலைவர்கள் எங்கெங்கே சறுக்கினார்கள் என்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அந்தப் பக்கம் நீங்கள் போவதே இல்லை.

பிங்கியும் பிரெய்னும் நினைவிருக்கிறதா? 1995-ல் தனித் தொடராக வந்த ஆய்வுக்கூடத்து எலிகள். இன்றைக்கு ராத்திரி என்ன செய்யப்போகிறோம் என்று பிங்கி கேட்பான். தினமும் செய்வதைத்தான், உலகத்தைப் பிடிக்கப்போகிறோம் என்பான் பிரெய்ன். அவன் அறிவில் எந்தக் குறையும் கிடையாது. ஆனால் நேற்றைய திட்டம் ஏன் கவிழ்ந்தது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்க மாட்டான், நேராக அடுத்த வரைபடத்தை விரித்துவிடுவான். உளறல்களுக்கு நடுவே பிங்கி சில சமயம் உருப்படியாக ஒன்றைச் சொல்லிவிடுவான். அதற்கும் கிடைப்பது அதட்டலும் தலையில் ஒரு அடியும்தான். பிங்கி கார்ட்டூன் எலி என்பதால் மறுநாளும் அதே சிரிப்போடு வந்து கேட்கிறான். உங்கள் வகுப்புக்கு வரும் மேலாளர்களின் குழுவில் இருப்பவர்கள் அப்படி இல்லை. இரண்டு முறை மட்டம் தட்டினால் மூன்றாவது முறை வாயைத் திறக்க மாட்டார்கள். "என் டீமில் யாருமே ஐடியா சொல்வதில்லை" என்று அங்கலாய்க்கும் மேலாளர்களுக்கு அரை மணி நேரம் இந்தத் தொடரைப் போட்டுக் காட்டலாம்.

ரோட் ரன்னர் என்ற வேகப் பறவையைத் துரத்தும் கயோட்டியை (ஓநாய் மாதிரி ஒரு விலங்கு) விடாமுயற்சிக்கு உதாரணமாகக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அவனை உருவாக்கிய சக் ஜோன்ஸே, அவன் எப்போது வேண்டுமானாலும் துரத்துவதை விட்டுவிடலாம், வெறிதான் அவனை விடவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அத்தனை முறை பள்ளத்தில் விழுந்த பிறகும் காலை வாரும் கருவிகளை அனுப்பும் அதே ஆக்மி கம்பெனியிடமே மறுபடி ஆர்டர் கொடுக்கிறான் பாருங்கள், அதைப் போய் யாராவது விடாமுயற்சி என்பார்களா?

பாப்பா ஸ்மர்ஃப் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஸ்மர்ஃப்கள் என்ற நீல நிறக் குட்டி உயிரினங்களின் ஊர்த் தலைவர் அவர். 500 வயதைத் தாண்டியவர், பொறுமைசாலி, எல்லோருக்கும் பிரியமானவர். நல்ல தலைவருக்கு உதாரணம் கேட்டால் பாதிப் பேர் அவரைத்தான் சொல்வார்கள். 1965-ல் புத்தகமாக வந்த ஒரு ஸ்மர்ஃப் கதையில் மருந்துக்கு ஏதோ மூலிகை தேடி அவர் ஊரைவிட்டுக் கிளம்புகிறார். அவ்வளவுதான், இங்கே யார் தலைவர் என்று தேர்தல் வருகிறது. ஆளாளுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்து ஒருவன் ஜெயிக்கிறான், தன்னை ராஜா என்கிறான், அரண்மனை கட்ட வைக்கிறான், கேலி செய்தவனைச் சிறையில் போடுகிறான். கடைசியில் ஊரே இரண்டுபட்டு அடித்துக்கொள்கிறது. பாப்பா திரும்பி வந்து, நீங்களும் மனிதர்களைப் போல நடந்துகொண்டீர்களே என்று திட்டுகிறார். திட்டு நியாயம்தான். ஆனால் அவர் ஊரில் இல்லாதபோது யார் பொறுப்பு, சண்டை வந்தால் யாரிடம் போவது என்று இத்தனை வருடங்களில் அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லையே! லீவில் போனாலும் போன் ஓயாத மேலாளர்கள் அதைத் தங்கள் பெருமையாக நினைக்கிறார்கள். இந்தக் கதையை அவர்கள் பாப்பாவின் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அவர் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது என்பதுதான் எனக்குக் கதையிலேயே கவலையான இடம். அடுத்த முறை அவர் கிளம்பினால் என்ன ஆகும்?

சரி, குறை மட்டுமே சொல்லக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ரோபோ கார்ட்டூனில் நல்லவர்கள் அணியின் தலைவரான ஆப்டிமஸ் பிரைமை நீங்கள் தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் அவருடைய உடல் பலத்தைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். 1984-ல் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன், குரல் தேர்வுக்குக் கிளம்பும்போது ராணுவத்தில் இருந்த தன் அண்ணன் சொன்னதைப் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சினிமா நாயகன் மாதிரி கத்தாதே, மென்மையாக இருக்கிற அளவுக்குப் பலசாலியாக இரு என்றாராம் அண்ணன். அந்தக் குரல்தான் ஆப்டிமஸ். எதிரணித் தலைவன் மெகாட்ரானோ எந்நேரமும் கர்ஜனைதான். அவனுடைய உதவியாளன் ஸ்டார்ஸ்கிரீம் நாற்காலிக்குக் குறிவைத்துக் காத்திருப்பான். 1986-ல் வந்த திரைப்படத்தில், புதிய பொம்மைகளுக்கு இடம் வேண்டும் என்று ஆப்டிமஸைச் சாகடித்தார்கள். குழந்தைகள் தியேட்டரிலேயே அழுதார்கள், அடுத்த வருடமே தொடரில் அவரை உயிரோடு கொண்டுவர வேண்டியிருந்தது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் நற்குணப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு எபிசோடை முழுதாகப் போடுங்கள். எந்த இடத்தில் தலைவர் காது கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று கேளுங்கள். அப்புறம், இந்த ஆள் உங்கள் மேலாளராக இருந்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்றும் கேளுங்கள். அந்த நேரத்தில் மேலதிகாரிகளை மட்டும் அறையில் உட்கார வைக்காதீர்கள். அவர்கள் இருந்தால் எல்லோரும் ஆப்டிமஸைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்காரும் ஒருவர்