சேறு கழுவப் போகும் பிள்ளைக்கு

உவர்மலை,
திருகோணமலை.

என் அன்பு மகளுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டாய்: "கடலடிச் சேற்றைக் கழுவி, மிஞ்சுகிற தூசியை எண்ணுகிற வேலை அம்மா. ஐந்து வருடம் ஆகும். எடுக்கட்டுமா, விடட்டுமா?" பக்கத்தில் பெரியம்மா இருந்தார். "சேறு கழுவவா பிள்ளை அவ்வளவு தூரம் போனது? அதுவும் கொச்சிக்கு?" என்றார். கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானில் ஒரு கொச்சி இருக்கிறது என்று அவருக்கு விளக்குவதிலேயே நேரம் போய்விட்டது. உனக்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு மூன்று நான்கு முறை பேசினோம். நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு, நீ எண்ணப்போகும் பொருளைப் பற்றித் தெரிந்தது இரண்டு வரி. தெரியாத ஒன்றைப் பற்றிப் பிள்ளைக்குப் புத்தி சொல்லக்கூடாது. அதனால் இந்த ஒரு மாதமும் வாசித்தேன்.

முதலில், அந்தத் தூசியாக மிஞ்சும் ஓடுகளைக் கட்டிய உயிர்கள். கடலின் மேல்நீரில் மிதந்து திரியும் ஒற்றைக்கல உயிரான ஃபொராமினிஃபெரா, ஒரு மில்லிமீற்றரும் இல்லாத தன் உடம்பைச் சுற்றி அறை அறையாகச் சுருள் வீடு கட்டுகிறது. வளர வளர ஓர் அறை கூடும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும். கட்டும் பொருள் கல்சியம் காபனேற்று. அம்மம்மா வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும் சிப்பியிலிருக்கும் அதே பொருளைச் சுட்டு எடுத்ததுதான். இந்த உயிரின் ஆயுள் சில வாரங்கள். இனம் பெருக்கும் நேரம் வந்ததும் தாயுயிர் தன் உடம்பு முழுவதையும் இலட்சக்கணக்கான புணரிகளாகப் பிரித்து நீரில் விட்டுவிடுகிறது. தனக்கென்று எதையும் மீதி வைப்பதில்லை. வெற்று ஓடு மட்டும் கீழே இறங்குகிறது. சில இனங்களில் இது பௌர்ணமி கழிந்த சில நாட்களில் நடக்கிறது. இதை வாசித்த இரவு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் நெடுநேரம் நின்றேன்.

டயற்றம் என்ற நுண்பாசியும் ரேடியோலேரியா என்ற ஒற்றைக்கல உயிரும் கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஓடு செய்கின்றன. வேறு சில நுண்பாசிகள் தம்மைச் சுற்றிப் போர்த்தும் கொக்கொலித் என்ற சுண்ணாம்புத் தட்டுகளோ ஒரு மில்லிமீற்றருக்குள் இருநூறுக்கு மேல் வரிசைப்படுத்தக்கூடிய அளவு சிறியவை. அத்தனை இலேசான தட்டு தானாக இறங்கினால் அடியைத் தொட வருடக்கணக்காகும். ஆனால் மேல்நீரில் இறால் இனத்துச் சிற்றுயிர்கள் அவற்றை மேய்ந்து, எச்சத்தை உருண்டையாகக் கழிக்கின்றன. அந்த உருண்டைக்குள் பொதிந்து சில வாரங்களிலேயே தரைக்கு வந்துவிடுகின்றன. எச்சம் என்ற சொல்லை எண்ணிப் பார். பறவை இடுவதும் எச்சம், மிஞ்சிக் கிடப்பதும் எச்சம், இலக்கணத்தில் முடியாமல் நிற்கும் சொல்லும் எச்சம். பெற்ற பிள்ளைகளையும் நம் முன்னோர் எச்சம் என்றார்கள். உன் மேசைத் தட்டில் கிடக்கப்போவதை இவற்றில் எந்தப் பொருளில் சொல்வது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஆழ்கடலில் இந்த ஓடுகள் 1,000 ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று சென்ரிமீற்றர்தான் படிகின்றன. இந்தக் கரையில் சோழர் ஆண்ட காலத்திலிருந்து இன்றுவரை ஒரு விரல் அகலம் என்று வைத்துக்கொள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டி ஏறக்குறைய 400 ஆண்டுகள். அது உன் நகத்தின் நீளத்தைத் தாண்டாது. அதிலும் அடியில் வாழும் புழுக்கள் மேல்சேற்றைக் கிளறிவிடுவதால் அடுத்தடுத்த நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அரசர்களின் பெயர் அதில் கிடைக்காது. காலநிலையின் பெரிய அசைவுகள் கிடைக்கும்.

நம் வாசலிலேயே அந்த மண் கிடைக்குமா என்றும் யோசித்தேன். கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. கோணேசர் கோயில் மலையில் நின்றே திமிங்கிலம் பார்க்கக் கிடைப்பது அந்த ஆழம் கரைக்கு அவ்வளவு கிட்ட வருவதால்தான். ஆனால் மகாவலி கொண்டுவரும் வண்டல் அந்த வழியாக இறங்குகிறது. அதற்கு அப்பால், கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்த மண் வங்காள விரிகுடாவின் அடியை மூடி, இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. அதற்குள் இந்த ஓடுகளைத் தேடுவது சோற்றுப் பானையில் எள் தேடுவது போன்றது. 90 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடும் கடலடி முகட்டை உங்கள் துறையினர் நாடிப் போனதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆற்று மண் ஏற முடியாத உயரம் அது. கரைந்துபோகும் ஆபத்தும் அங்கே இல்லை. ஆழம் கூடக் கூடக் குளிரும் அழுத்தமும் கரைந்த காபனீரொட்சைட்டும் சேர்ந்து சுண்ணாம்பைக் கரைக்கின்றன. நாலைந்து கிலோமீற்றருக்குக் கீழே ஓடு மிஞ்சுவதில்லை. கடலுக்குள் இருக்கும் மலைகளுக்கு உச்சி மட்டும் வெள்ளையாக இருக்கும் என்பதை இந்த வயதில்தான் அறிந்தேன்.

ஜொய்டிஸ் ரெசொலூஷன் என்ற துளையிடும் கப்பல் 2014 முடிவிலும் 2015 தொடக்கத்திலும் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் அந்த முகட்டிலும் மண்தண்டுகள், அதாவது கடலடியைக் குழாயால் துளைத்து எடுக்கும் நீள உருளை மண், எடுத்தது. நம் பகுதிச் சமுத்திரத்தின் தண்டுகளை நீ இருக்கும் கொச்சியில்தான் குளிரறையில் வைத்துக் காக்கிறார்கள். பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "பிள்ளை வேறு நாட்டுச் சேற்றுக்குப் போகவில்லை, அக்கா. நம் கடலின் சேறு அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கப் போயிருக்கிறாள்."

எதைப் பார்க்க என்றால், மழையை. ஒட்சிசனின் சமதானிகளை, அதாவது எடை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களை, நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதினேன். 16, 18 என்று இரண்டு எண்கள். பரீட்சைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். இலேசான ஒட்சிசன் கொண்ட நீர் எளிதில் ஆவியாகிறது. பனியுகத்தில் அந்த இலேசான நீர் துருவப் பனியாக உறைந்து திரும்பாமல் நிற்க, கடலில் கனமான ஒட்சிசனின் பங்கு கூடுகிறது. அந்த நீரில் கட்டிய ஓடும் கனமான ஒட்சிசனைச் சுமக்கிறது. 1976 இல் ஹேய்ஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற மூவர் தென் இந்து சமுத்திரத்தின் இரண்டு தண்டுகளிலிருந்து இதை அளந்து, பனியுகங்கள் பூமியின் சுற்றுப்பாதை அசைவுகளின் தாளத்தில் வந்துபோனதைக் காட்டினார்கள்: 23,000, 42,000, ஏறக்குறைய 100,000 ஆண்டுகள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு அன்று நடந்தே போகலாம்.

வங்காள விரிகுடாவில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பருவமழை பலமாகப் பெய்தால் ஆறுகள் நன்னீரைக் கொட்டும். மேல்நீரின் உப்புக் குறையும். மழைநீரின் இலேசான ஒட்சிசன் ஓட்டுக்குள் ஏறும். மழை பொய்த்த காலமும் அதே ஓட்டில் தெரியும். அது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் கணக்கு என்பதும் எனக்குத் தெரியும். நமக்குக் கிணறு ஊறுவது வாடைக்காற்று கொண்டுவரும் மாரியில்தான். ஆனாலும் ஆண்டில் ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் வீசும் ஒரே காற்று அல்லவா அது? மாரி பிந்தினால் தம்பலகாமத்து வயல்காரர் வானத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டு வளர்ந்தவள் நீ. மழையின் நீண்ட கணக்கை யாராவது பொறுமையாக எழுதவேண்டும்.

இனி உன் அம்மப்பாவைப் பற்றி. நங்கூரத்தை ஏற்றியதும் அதில் ஒட்டியிருக்கும் சேற்றைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே உரசுவார். சேற்றுத்தரையா, மணல்தரையா, பாறைப் பார் கிட்டவா என்று இருட்டிலும் சொல்வார். சிறுமியாக வள்ளத்தின் அணியத்தில் இருந்து அதைப் பார்த்திருக்கிறேன். சேற்றைப் படிப்பது நம் வீட்டுக்குப் புதிதில்லை.

2004 மார்கழி 26, பௌர்ணமி நாள், ஞாயிறு. உனக்கு நாலு வயது. நிலாவெளி வீட்டுக்குள் கடல் வந்தது உனக்கு நினைவில்லை என்கிறாய், அது நல்லது. தண்ணீர் போனபின் கூடம், குசினி, சாமியறை எங்கும் முழங்கால் அளவு கறுத்த மண். பதினொரு நாள் கழுவினேன். அம்மப்பா ஒரு பிடி எடுத்து உரசிப் பார்த்துவிட்டு, "இது கரை மண் இல்லை, பிள்ளை. உள்ளே இருந்து வந்தது" என்றார். பிறகு அதையெல்லாம் வாரிக் கிணற்றடி வேம்பின் கீழ் குவித்தார். அன்று எனக்கு அவர் மீது கோபம். அந்த மண்ணைக் கண்ணில் காணக்கூடாது என்றிருந்தது.

அவர் சொன்னது எப்படிச் சரி என்பதைப் போன வாரம்தான் வாசித்தேன். சுமாத்திராவின் அச்சேயில், கரையோரக் குகை ஒன்றுக்குள் ஆழிப்பேரலைகள் வீசிய மணல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே வௌவால் எச்சம். மணலுக்குள் கடலடி நுண்ணுயிர்களின் ஓடுகள் இருப்பதால் அது கடலின் கைவேலை என்று அடையாளம் காண முடிந்தது. 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே 11 ஆழிப்பேரலைகள் வந்திருக்கின்றன என்று 2017 இல் எழுதினார்கள். ஒரு முறை 2,000 ஆண்டுக்கு மேல் அமைதி. வேறொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் பல அலைகள். இனி நம் காலத்தில் வராது என்று ஊரில் எத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்! அந்த ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது யாரோ உட்கார்ந்து எண்ணிய தூசி.

சனிக்கிழமை நிலாவெளிக்குப் போனேன். வேம்படியில் தோண்டி ஒரு தேநீர்க் கோப்பை அளவு மண் எடுத்து, மெல்லிய துணியில் வடித்துக் கழுவி, என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது படிப்பிக்கும் பாடசாலையின் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதல் அரை மணி நேரம் வெறும் மணல். பிறகு ஒரு வெள்ளைச் சுருள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஏழு கண்டேன். இரண்டு அரைவாசி கரைந்திருந்தன. இருபது மாரியின் மழைநீர் பட்டிருக்கிறது, வேறென்ன. இவை தரையில் ஊர்ந்து வாழும் வகை என்று நினைக்கிறேன். நீ எண்ணப்போகும் மிதக்கும் வகை இவற்றில் இல்லை. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் தெரிந்தால் எழுது.

உன் கேள்விக்கு என் பதில்: எடு. நனைந்த தூரிகை முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு மாதிரிக்கு முந்நூறு எண்ணவேண்டும் என்கிறார்கள். ஏழு எண்ணுவதற்குள் என் கழுத்து வலித்தது, ஆகவே இலேசான வேலை என்று சொல்லமாட்டேன். களைத்தால் எழுந்து நட. உடைந்ததை உடைந்தது என்றே எழுது. அடையாளம் தெரியாததை ஊகித்து எந்தப் பெட்டியிலும் போடாதே.

மீதி மண்ணை ஒரு போத்தலில் அடைத்து, இடமும் திகதியும் எழுதி ஒட்டி, அம்மப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். எடுத்த ஆழத்தை மட்டும் அளக்கவில்லை. ஒரு சாண் இருக்கும். அடுத்த சனிக்கிழமை அடிக்கோலோடு போய், மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று தனித்தனியாக எடுத்துவைக்கிறேன். சல்லடை எந்த அளவு வேண்டும் என்று சொல்.

அன்புடன்,
அம்மா