வேகமாக எழுதினால் கூட்டெழுத்து வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சீனத் தூரிகை எழுத்துக் குறிப்பில், ‘முதல் மாதம் கைஷு என்னும் திருத்த எழுத்தைப் பழகுங்கள், அதையே வேகமாக எழுதினால் த்ஸாவ்ஷு என்னும் கூட்டெழுத்து தானாக வந்துவிடும்’ என்று இருந்தது. வராது. கிறுக்கல்தான் வரும். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பிரஷ்ஷும் மையும் வாங்கிக் கொடுத்த பெற்றோர் அதை நம்பி ஏமாற வேண்டாம் என்றே இந்தக் கடிதம்.

கூட்டெழுத்து, திருத்த எழுத்தின் சுருக்கம் அன்று. ஹான் அரசர் காலத்து எழுத்தர்கள், அப்போது வழக்கில் இருந்த லீஷு என்னும் எழுத்தை அவசரத்தில் எழுதியபோது உருவானது அது. திருத்த எழுத்து முழு வடிவம் பெற்றது அதற்குப் பிறகு. ஒருவகையில் தம்பியைப் பார்த்து அண்ணன் முகத்தை வரைவது போன்ற காரியம் இது. நம் ஊர் உதாரணமே இருக்கிறது: யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. இன்றைய அச்சுத் தமிழை எவ்வளவு விரைவாக எழுதினாலும் அந்த வட்டெழுத்து வராது. தனியாகப் படித்தால்தான் உண்டு. சீனக் கூட்டெழுத்தும் அப்படித்தான், வடிவங்களை மனப்பாடம் செய்தாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. தங்கள் குறிப்பு அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஷிங்ஷு என்னும் ஓட்டெழுத்துதான் அது. திருத்த எழுத்தில் ஒரு கோடு முடிந்து அடுத்த கோடு தொடங்கும் வரை தூரிகை முனை காற்றில் ஒரு பாதையில் போகிறது. ஓட்டெழுத்தில் அந்தக் காற்றுப் பாதையே தாளில் மெல்லிய நூலாகத் தெரியும். ஆகவே பழக வேண்டியது வேகத்தை அல்ல, அந்தப் பாதையை. திருத்த எழுத்தை நிதானமாகவே எழுதி, காற்றில் முனை எங்கே போகிறது என்று கவனித்து, பிறகு கையை ஒரு மயிரிழை தாழ்த்தினால் இணைப்பு தானே விழும். இணைப்பு நூல், கோட்டைவிட மெலிந்திருக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்களிடம் இரண்டும் ஒரே தடிமனில் வந்து, எழுத்து வளைத்துப்போட்ட கட்டுக்கம்பி போல நிற்கும். காரணம், கோட்டின் முடிவில் தூரிகையை மேலே தூக்காமல் அப்படியே இழுத்துப் போவது.

கோடுகளின் வரிசையும் சில எழுத்துகளில் மாறும். ‘வாங்’ (அரசன்) என்ற எழுத்தில் மூன்று கிடைக்கோடு, ஒரு நெடுக்குக்கோடு. திருத்த எழுத்தில் மேல்கோடு, நடுக்கோடு, நெடுக்கு, அடிக்கோடு என்பது வரிசை. ஓட்டெழுத்தில் மேல்கோடு, உடனே நெடுக்கு, பிறகு நடுவும் அடியும் சேர்ந்து ஒரே ஓட்டம். பழைய வரிசையிலேயே வேகம் பிடித்தால் முனை தேவையில்லாமல் மேலும் கீழும் அலைந்து, இல்லாத கோடுகளை எல்லாம் போட்டுவிடும். இந்தப் படிக்கு நல்ல மாதிரி, ஹுவாய்ரென் என்னும் துறவி, பழம்பெரும் எழுத்துக் கலைஞர் வாங் ஷீசியின் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்துத் தந்த, 672இல் கல்லில் வெட்டப்பட்ட முன்னுரை. நம் பள்ளிப் புத்தகங்களில் வரும் அதே யுவான் சுவாங்கின் மொழிபெயர்ப்புகளுக்குத் தாங் பேரரசர் எழுதிய முன்னுரைதான் அது. எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்பதால் கைக்கு வசப்படும்.

கூட்டெழுத்துக்கு வரும்போது சீயோங் துறவியின் ‘ஆயிரம் எழுத்து’ ஏட்டைவிடத் தோதான மாதிரி இல்லை. ஒரு வரி திருத்த எழுத்து, பக்கத்திலேயே அதன் கூட்டெழுத்து. நாளுக்கு ஐந்து எழுத்து போதும். அதற்கு மேல் போனால் நேற்றையது மறந்துவிடும். நீர், பேச்சு, ஆள் ஆகிய பொருள் தரும் இடப்பக்க உறுப்புகள் கூட்டெழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலச் சுருங்கிவிடும். வலப்பக்கத்தோடு சேர்த்துப் பார்த்துத்தான் இன்னது என்று சொல்ல முடியும். சீன மொழியைச் செயலிகளில் படிப்பவர்களுக்கு ஒரு சௌகரியம்: 1956இல் சீன அரசு வெளியிட்ட எளிய எழுத்துகளில் சில கூட்டெழுத்திலிருந்தே எடுத்தவை. பத்துக் கோடு இருந்த ‘ஷூ’ (நூல்) நான்காகவும், எட்டுக் கோடு இருந்த ‘தோங்’ (கிழக்கு) ஐந்தாகவும் குறைந்தது அப்படித்தான்.

687இல் சூன் குவோதிங் என்ற சீன எழுத்துக் கலைஞர் சொன்னது இன்றும் பொருந்தும்: திருத்த எழுத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு குறைந்தாலும் வாசித்துவிடலாம், கூட்டெழுத்தில் திருப்பம் பிசகினால் அது எழுத்தே இல்லை. திருத்த எழுத்தின் மூலையில் நின்று, அழுத்தி, திசை மாற்றுகிறோம். கூட்டெழுத்தில் நிற்காமல் உருண்டு திரும்ப வேண்டும். அங்கேதான் தூரிகை மயிர் முறுக்கிக்கொண்டு இரண்டாகப் பிளக்கும். திருப்பத்துக்குச் சற்று முன் வேகத்தைக் குறைத்து, பாதி தூக்கினால் மயிர் மறுபடி கூடிவிடும். கூட்டெழுத்து முழுக்க வேகம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஹுவாய்சு, சாங் ஷூ போன்ற பழைய கலைஞர்களின் கட்டற்ற ‘வெறிக் கூட்டெழுத்தை’ப் பார்த்து ரசிக்கலாம், முதல் வருடம் பார்த்து எழுத வேண்டாம்.

மை விஷயத்தில் மதுரை வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரையில் மின்விசிறிக்குக் கீழே தட்டில் உள்ள மை சீக்கிரம் குழம்பாகிவிடும். கூட்டெழுத்துக்கு ஒருமுறை தோய்த்து நாலைந்து எழுத்தாவது ஓட வேண்டுமென்பதால், திருத்த எழுத்துக்கு வைப்பதைவிட இரண்டொரு சொட்டு நீர் கூடுதலாக விடுங்கள். படம் வரைய விற்கும், காய்ந்தால் நீரில் கரையாத மை வேண்டாம். அரக்கு சேர்ந்தது, ஒரே நாளில் தூரிகை கட்டையாகிவிடும். தாளுக்குப் பழைய செய்தித்தாளே போதும். (தங்கள் நாளிதழும் நன்றாகவே மை உறிஞ்சுகிறது.)

மணிக்கட்டை மேசையில் ஊன்றி எழுதும் பழக்கம் திருத்த எழுத்தோடு நிற்கட்டும். வாசலில் சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை எங்கும் ஊன்றாமல், தோளிலிருந்து வளைவு வருகிறது. அதே அசைவுதான்.

கடைசியாக ஒன்று. சீனத் தூரிகை எழுத்து மரபுப்படி மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடும். எழுதியவர் பெயரும் அதனடியில் சிவப்பு முத்திரையும் இடப்பக்கக் கடைசி வரியில் வரும். தாங்கள் வெளியிட்ட படத்தில் பெயரும் முத்திரையும் வலப்பக்கம் இருந்தன, முத்திரை பெயருக்கு மேலே இருந்தது. படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது.

இப்படிக்கு,
தூரிகை எழுத்து பயிலும் வாசகர்கள்,
கோ.புதூர், மதுரை.