பாதி தேய்ந்த டயரைப் பார்த்து முடிவு செய்: புனலூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

செங்கோட்டை,
ஆனி மாதம்.

அன்புள்ள மாடசாமி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கும் சுகம்தான். சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற கேரள வண்டிகளால் பஜாரில் ரோட்டைக் கடக்க முடியவில்லை. புளியரை எஸ் வளைவில் வழக்கம் போல ஜல்லி லாரிகளின் வரிசை. மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கம்பெனி போட்டுக்கொடுத்த 205/55 ஆர்16 டயர் (205 மி.மீ. அகலம், அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 16 இஞ்ச் வீல்) முடிந்துவிட்டது, இனி பெர்ஃபார்மன்ஸ் டயர், அதாவது ரோட்டை நன்றாகப் பிடிக்கும் வேக ரகம், போடலாமா, தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா, கூடவே 17 இஞ்ச் வீலும் 225/45-ம் மாற்றிவிடலாமா என்று மூன்று கேள்வி. போடலாம். 17 வேண்டாம். தாங்குமா என்பதற்கு மட்டும் ஒரே வார்த்தையில் பதில் கிடையாது.

கடையில் காட்டும்போதும் முதல் மாதம் ஓட்டும்போதும் எந்த டயரும் நல்ல டயர்தான். எட்டு மில்லிமீட்டர் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டை, நாலாகக் குறைந்த பிறகு, ஆரியங்காவு மலை இறக்கத்தில் மழையில் அது எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. நீ தினமும் வந்துபோகிற பாதைக்கு அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. புது டயரின் பட்டன் உயரமாக இருப்பதால் வளைவில் அழிரப்பர் மாதிரி கொஞ்சம் நெளியும். தேயத் தேயப் பட்டன் குட்டையாகி விறைப்பாகும். அதனால் காய்ந்த ரோட்டில் ஸ்டீயரிங் இன்னும் கூர்மையாகத் தெரியும், பிடியும் கூடியது போலிருக்கும். ஓட்டுகிறவன் ‘டயர் இப்பத்தான் செட் ஆகியிருக்கு’ என்பான். அதே சமயத்தில் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்களின் ஆழம் பாதியாகியிருக்கும். வெயிலில் தைரியம் கூடிக்கொண்டே போகும்போது மழையில் பிடி குறைந்துகொண்டே வருகிறது. பாவூர்சத்திரம் நேர்ச்சாலையில் இது தெரியவே தெரியாது. கோட்டைவாசலைத் தாண்டி, ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடும் இடத்தில்தான் தெரியும்.

சட்டக் கணக்கு 1.6 மி.மீ. சைடு வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும், அதற்கு நேரே வாய்க்காலுக்குள் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. உன் பாதைக்கு அதுவரை காத்திருக்காதே, மூன்றில் கழற்றிவிடு. எட்டில் தொடங்கி மூன்றில் நிறுத்தினால் கையில் இருப்பது ஐந்து மி.மீ.தான். மி.மீ.க்கு 6,000 கி.மீ. கிடைத்தால் 30,000, 8,000 கிடைத்தால் 40,000. உன் வண்டியில் எத்தனை என்று தெரிய ஒரே வழி, ஆழம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கி 5,000 கி.மீ.க்கு ஒரு முறை உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வைப்பதுதான். கடைக்காரர் சொல்லும் ஆயுளும் விளம்பரத்து ஆயுளும் உன் மலைப்பாதைக்குப் பொருந்தாது.

சைடு வாலில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் பார்த்திருப்பாய். அது அமெரிக்கச் சட்டத்துக்காகப் போடுவது, எல்லா டயரிலும் இருக்காது. 100 என்பது அடிப்படை, எண் கூடினால் மெதுவாகத் தேயும் என்று கணக்கு. பெர்ஃபார்மன்ஸ் வகையில் பெரும்பாலும் 200-லிருந்து 340 வரை பார்க்கலாம், சொகுசு வகையில் 400-க்கு மேல். எண்ணைப் போடுவது அந்தந்தக் கம்பெனியேதான். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே அவ்வளவாக உதவாது. அதன் பக்கத்தில் இருக்கும் ட்ராக்ஷன் ஏ.ஏ., ஏ என்பவை ஈர ரோட்டில் நேர்கோட்டில் பிரேக் அடிப்பதை மட்டும் வைத்துத் தருவது. வளைவில் பிடிக்குமா, தண்ணீரில் மிதக்குமா என்பதை அது சொல்லாது.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. மிஷலினில் பைலட் ஸ்போர்ட் வேகத்துக்கு, பிரைமசி சொகுசுக்கு. பிரிட்ஜ்ஸ்டோனில் பொடென்சாவும் டுரான்சாவும் அதே மாதிரி. ஆனால் யோகோஹாமாவில் அட்வான் என்ற பெயரிலேயே டிபி என்று சத்தம் குறைந்த சொகுசு ரகம் ஒன்றும் உண்டு. ‘அட்வான் கொடுங்க’ என்று மட்டும் கேட்டால் எதுவும் வரலாம். உனக்கு எந்தப் பெயர் என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிற, ரப்பரில் சிலிகா என்ற பொடி கலந்த, நடுவே அகலமான நெடுக்கு வாய்க்கால்கள் உள்ள டயராகப் பார். ட்ரெட்வேர் எண் இருந்தால் 300-க்குக் கீழே போகாதே.

உன் வீட்டைச் சுற்றி ரப்பர் மரமாக நிற்கிறது, ஆனால் இந்த வகை டயரில் ரோட்டைத் தொடும் பகுதியில் பெரும்பங்கு செயற்கை ரப்பர்தான். மரத்து ரப்பர் அதிகம் போவது லாரி டயருக்கு. ஈர ரோட்டில் பிடிப்பைத் தருவது அந்தச் செயற்கை ரப்பரும் சிலிகாவும். வயதானால் இறுகுவதும் அதே கலவைதான். குறைவாக ஓடி, வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியில் பட்டன் நிறைய இருந்தாலும் பிடி போயிருக்கும். வாங்கும்போதே சைடு வாலில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். நாலு டயரும் செய்து ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, வருஷம் தாண்டினால் வேறு கேள்.

இப்போது 17 இஞ்ச். 205/55 ஆர்16-ன் விட்டம் சுமார் 632 மி.மீ., 225/45 ஆர்17-ன் விட்டம் சுமார் 634. ஸ்பீடோமீட்டருக்கு ஒரு குழப்பமும் வராது. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதால்தான் கடையில் எளிதாக விற்கிறார்கள். ஆனால் சைடு வாலின் உயரம் 113-லிருந்து 101-ஆகக் குறைகிறது. குழியில் விழும்போது டயர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே நசுங்கி உள்ளே நூல் அறுந்தால் வெளியே கொப்புளமாக வீங்கும். அதற்கு வைத்தியமே கிடையாது, டயர் போனது போனதுதான். லாரிகள் உடைத்துப் போடும் புளியரை ரோட்டில் அந்த 12 மி.மீ.க்கு மதிப்பு அதிகம். மழைத் தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும் என்பது இன்னொன்று. வீலும் கனம், விலையும் கனம். உன் ஓட்டத்தில் இதற்கெல்லாம் ஈடாக ஒன்றும் திரும்பக் கிடைக்காது.

ஆக 205/55 ஆர்16, 91வி. 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது, வி என்பது 240 கி.மீ. வேகம். அந்த வேகம் நமக்கு எதற்கு என்று கேட்பாய். வேகத்துக்காக அல்ல, சூட்டைத் தாங்கும் கட்டுமானத்துக்காக. வண்டியில் எழுதியிருப்பதை விட இந்த இரண்டும் குறையாமல் பார்த்துக்கொள், கூடினால் தப்பில்லை.

மாட்டும் இடத்தில் நீ பக்கத்திலேயே நில். வால்வு நாலும் புதிது போடச் சொல், டயர் புதிது வால்வு பழையது என்று விட்டுவிடுவார்கள். ரிம்மின் உள்விளிம்பைத் தேய்த்துத் துடைக்காமல் மாட்டினால் அங்கிருந்து காற்று மெல்லக் கசியும். இந்த வகையில் பல டயர்களில் ‘அவுட்சைடு’ என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். சிலவற்றில் அம்புக்குறி இருக்கும், அது முன்னோக்கிச் சுழலும் திசை. இரண்டையும் மாற்றி மாட்டுவது அபூர்வமில்லை. பேலன்சிங்கில் வெயிட் ஒட்டியபின் மறுபடி சுற்றவிட்டு சைபர் காட்டுகிறதா என்று பார். அது சரியில்லையென்றால் 80, 100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முடுக்கி விடாமல், வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில் முடுக்கச் சொல். 50-லிருந்து 100 கி.மீ. ஓடியபின் ஒரு தடவை திரும்பப் பார்த்துவிடு. முதல் 200, 300 கி.மீ. வழுக்கும், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய பூச்சு தேய்ந்து போகும் வரை. அந்த ஓட்டத்தை மலையில் மழையில் வைத்துக்கொள்ளாதே.

பணம் இப்போது இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் புதிய இரண்டையும் பின்னால் போடு. முன்சக்கரம் இழுக்கும் வண்டிதானே என்று எல்லாரும் முன்னால்தான் போடச் சொல்வார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பிரேக் மிதித்தால் இன்னும் சுழலும். தென்மலைப் பக்கத்து வளைவுகளில் அதற்கு இடமில்லை.

பெர்ஃபார்மன்ஸ் டயரைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறுவதுதான். மென்மையான ரப்பர் ஆகையால் சின்னத் தவறையும் பொறுக்காது. சக்கரத்தின் முன்விளிம்பு பின்விளிம்பை விட ஒரே ஒரு மி.மீ. உள்ளே திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கையை டயரின் குறுக்கே தடவிப் பார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பாகவும், திருப்பித் தடவினால் ரம்பப் பல்லாகவும் இருந்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, தவறு. உள்விளிம்பு மட்டும் வழித்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் அளவு, கூடவே டோவும் இருக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் என்றால் காற்று அதிகம். இடையிடையே பள்ளம் விழுந்து, ஓடும்போது ‘வூம்’ என்று சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பரைப் பார். அந்தச் சத்தத்தைப் பேரிங் என்று நினைத்துப் பேரிங் மாற்றுகிறவர்கள் உண்டு. அலைன்மென்ட் பார்க்கும் முன் காற்றைச் சமமாக்கி, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல். ஆடுகிற இணைப்பை வைத்துக்கொண்டு கோணத்தைச் சரி செய்தால் வண்டி கடையை விட்டு இறங்கும்போதே மாறிவிடும். சரி செய்வதற்கு முன்னும் பின்னும் அளந்து எடுத்த தாளைக் கேட்டு வாங்கு.

டயர்களை இடம் மாற்றிப் போடும் சுழற்சி 8,000 கி.மீ.க்கு ஒருமுறை. மலை ஏறி இறங்கும் வண்டியில் முன் டயர் பின்னை விட வேகமாகத் தேயும், நாள் தள்ளினால் பிறகு சமமாகாது. அம்புக்குறி உள்ள டயர் என்றால் அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின் மாற்ற வேண்டும். ‘அவுட்சைடு’ ரகத்தைப் பக்கமும் மாற்றலாம். ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் இதில் சேர்க்காதே.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார். கதவோரத்து ஒட்டுத்தாளில் 33 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) என்றால் அது குளிர்ந்த டயருக்கு. பத்து டிகிரி சூடு கூடினால் ஒன்றரை பாயிண்ட் ஏறும். மலை இறங்கி வந்ததும் 36, 37 காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதே. மறுநாள் காலை 29-ல் நிற்கும். நைட்ரஜன் போட்டாலும் இந்த ஏற்றம் இருக்கத்தான் செய்யும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அதைத் தேடிப் போவதை விட மாதம் இரண்டு தடவை கேஜ் வைப்பது மேல்.

பங்சர் என்றால், நடுப்பகுதியில் ஆறு மி.மீ.க்குள் இருக்கும் ஓட்டையை மட்டும் ஒட்டலாம். வெளியிலிருந்து திரி சொருகுவது வீடு வந்து சேர. பிறகு டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட வேண்டும். கழற்றினால் இன்னொரு லாபமும் உண்டு: காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் உள்ளே கருப்புத் தூள் கிடக்கும், சைடு வால் உள்பக்கம் உராய்ந்திருக்கும். அந்த டயர் வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடு. லாரி சிந்திய ஜல்லி இந்த வகை வாய்க்காலில் நன்றாக மாட்டிக்கொள்ளும். ‘டக் டக்’ சத்தம் கேட்டால் திருப்புளியால் நோண்டி எடுத்துவிடு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சைடு வால் விறைப்பு, சின்னக் குழியும் இடுப்பில் தெரியும், மதினி முதல் நாளே கேட்பார்கள். பாதி தேய்ந்த பிறகு சத்தம் கூடும். பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டி நிலையாக நிற்கும், அது ஒன்று இந்த விறைப்பினால் கிடைக்கும் நன்மை.

இப்போது கழற்றப் போகிற நாலு டயரின் உள்விளிம்பு ஆழத்தையும், ரிம்மில் எத்தனை ஜே (ரிம்மின் அகலக் குறி) என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்து எழுது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் முடிந்த பிறகுதான் புதிய டயருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் இந்தப் பக்கம் வந்தால் வண்டியோடு வீட்டுக்கு வா. கேஜ் இங்கே இருக்கிறது, பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சண்முகம்