ஃபல்காவோவுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், பெரிய பெயரோடு இங்கிலாந்து போய்ச் சோபிக்காமல் திரும்பிய கால்பந்து ஸ்ட்ரைக்கர்களை, அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் கொலம்பியாவின் ராடமெல் ஃபல்காவோவுக்கு ஒரே ஒரு வரி. மான்செஸ்டர் யுனைடெட்டில் 4 கோல், செல்சியில் 1 கோல், அத்தோடு கதை முடிந்தது என்கிற மாதிரி. கோல் கணக்கு சரிதான். கதை முடிந்தது என்பதுதான் சரியில்லை. படித்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் டிவியில் தொடர்ந்து பார்க்கிற வெளிநாட்டு லீக் இங்கிலாந்துடையதுதான். அதனால் அங்கே ஒருவர் இரண்டு வருடம் திணறினால் அவர் வாழ்க்கையே திணறல் என்று எடுத்துக்கொள்கிறோம். ஃபல்காவோ விஷயத்தில் அதுதான் நடந்தது. அவர் ஆடிய காலம் 1999-இல் ஆரம்பிக்கிறது. அதில் இங்கிலாந்து இரண்டே சீசன்.

கரீபியன் கடலோரத்தில் இருக்கும் சாண்டா மார்டாவில் பிறந்தவர். அப்பாவும் தொழில்முறை வீரர், டிஃபெண்டர். பிரேசிலின் நடுகள மேதை ஃபால்காவோ மேல் அவருக்கு அவ்வளவு பிரியம், மகனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அந்த மகன் 13 வயதிலேயே கொலம்பியாவின் இரண்டாம் டிவிஷனில் பெரியவர்களோடு இறங்கினான். 15 வயதில் வீட்டை விட்டு அர்ஜென்டினா, ரிவர் பிளேட் இளைஞர் அணி. 2005-இல் மூத்த அணியில் இடம் கிடைத்து கோல் மழை ஆரம்பித்த நேரத்தில் வலது முட்டி போனது. 2006 தொடக்கத்தில் அதே முட்டி மறுபடியும். வயது இருபதுகூட நிறையவில்லை. இதையும் உங்கள் கட்டுரையாளர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

அங்கிருந்து எழுந்து 2009-இல் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு வந்தார். ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோபா லீக்கில், 2010-11-இல் பிரதான சுற்றிலிருந்து மட்டும் 17 கோல். அதற்கு முன் ஜெர்மனியின் கிளின்ஸ்மன் வைத்திருந்த சாதனை 15. ஸ்பெயினின் வியாரியாலுக்கு எதிரான அரையிறுதி ஆட்டம் ஒன்றிலேயே நான்கு அடித்தார். டப்ளினில் நடந்த இறுதி ஆட்டத்தில் இன்னொரு போர்ச்சுகல் கிளப்பான பிராகாவை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையது. சக வீரர் குவாரின் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்து, ஃபல்காவோவின் தலை, வலை. அவர் அப்படி ஒன்றும் உயரமானவர் இல்லை, 1.77 மீட்டர்தான். ஆனால் டிஃபெண்டர் குதிப்பதற்கு ஒரு கணம் முன்பே குதித்து, அவர்கள் மேலே வரும்வரை காற்றிலேயே நிற்பது போல இருக்கும். அந்தக் காலத்தில் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் அவரைப் போலத் தலையால் அடித்தவர்கள் மிகச் சிலர்தான்.

அடுத்து ஸ்பெயினின் அத்லெட்டிகோ மாட்ரிட். 2012 மே மாதம் புக்காரெஸ்டில் மறுபடியும் யூரோபா லீக் இறுதி, எதிரே அத்லெட்டிக் பில்பாவோ. ஏழாவது நிமிடம். பெட்டியின் வலப்பக்கம், எதிரில் பில்பாவோ டிஃபெண்டர் அமோரெபியேத்தா. வெளியே போவது போலக் காட்டி உள்ளே திரும்பி, இடது காலால் வளைத்து ஒரு அடி. பந்து தூரத்து மேல் மூலையில் போய் இறங்கியது. அரை மணி நேரத்துக்குள் இன்னொன்று. தொடர்ந்து இரண்டு வருடம், இரண்டு வேறு கிளப்புகள், இரண்டு கோப்பைகள். அதே வருடம் ஆகஸ்டில், சாம்பியன்ஸ் லீக் வென்றவரும் யூரோபா லீக் வென்றவரும் மோதும் சூப்பர் கோப்பையில், ஐரோப்பிய சாம்பியன் செல்சிக்கு எதிரே முதல் பாதிக்குள்ளேயே ஹாட்ரிக். முடிவு 4-1. அந்த இரவில் உலகின் சிறந்த ஸ்ட்ரைக்கர் யார் என்று கேட்டிருந்தால், என் கை தயங்காமல் அவர் பக்கம் நீண்டிருக்கும்.

2013-இல் பிரெஞ்சு லீக்கில் ஆடும் மொனாகோவுக்குப் போனது எனக்கும் வருத்தம்தான். இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் மேலே வந்த கிளப், ஐரோப்பாவின் முதல் நிலைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கும் கிடையாது. பணத்துக்காகப் போனார் என்று பேசினார்கள். அத்லெட்டிகோ அப்போது கடனில் இருந்தது. அவரது ஒப்பந்த உரிமையில் ஒரு பங்கு வெளியே ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. வீரரைச் சொத்து போலப் பங்கு பிரித்து வைத்திருந்த அந்த முறையை ஃபிஃபா 2015-இல்தான் தடை செய்தது. எங்கே ஆடுவது என்பது முழுக்க அவர் முடிவு மட்டும் இல்லை என்பது என் எண்ணம். அவர் போன அடுத்த சீசனிலேயே அத்லெட்டிகோ ஸ்பானிய லீக்கான லா லிகாவை வென்றது. அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

அப்புறம் அந்தக் கோப்பை ஆட்டம். 2014 ஜனவரி 22, பிரெஞ்சுக் கோப்பை, எதிரணி நான்காம் டிவிஷனைச் சேர்ந்த மோன் தோர் அசெர்க். அதில் கோலும் அடித்தார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் ஒரு டாக்கிள், இடது முட்டி ஜவ்வு கிழிந்தது. ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். டாக்கிள் செய்தவர் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே பந்து விளையாடியவர். அவருக்குக் கொலை மிரட்டல் எல்லாம் வந்தது. பாவம், அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. போர்ட்டோவில் ஆபரேஷன் நடந்தபோது கொலம்பிய அதிபர் சாண்டோஸ் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார்.

அதிபர் ஏன் வந்தார் என்றால் அதற்கு மூன்று மாதம் பின்னே போக வேண்டும். 2013 அக்டோபரில் பாராங்கியாவில் சிலி அணிக்கு எதிரே தகுதிச் சுற்று ஆட்டம். அரை மணி நேரத்துக்குள் கொலம்பியா 0-3. 1998-க்குப் பிறகு உலகக் கோப்பையையே பார்க்காத நாடு அது. 69-வது நிமிடம் தியோ குத்தியெர்ரெஸ் ஒன்று திருப்பினார். 75-இல் பெனால்டி, ஃபல்காவோ. 84-இல் இன்னொரு பெனால்டி, மறுபடியும் ஃபல்காவோ. ஆட்டம் 3-3, உலகக் கோப்பைக்கு இடம் உறுதி. நாடே பின்னால் நிற்க, ஒன்பது நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அதே புள்ளியில் பந்தை வைத்து அடிப்பது லேசான காரியம் இல்லை. அந்த மனுஷன்தான் 2014 உலகக் கோப்பைக்குப் போக முடியவில்லை. சக வீரர் ஜேம்ஸ் ரோட்ரிகஸ் ஆறு கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார், கொலம்பியா முதல் தடவையாகக் கால் இறுதியைத் தொட்டது. பாதை போட்டுக் கொடுத்தவர் அணியில் இல்லை.

இப்போது இங்கிலாந்துக்கு வருகிறேன். எனக்கும் 24 வயதில் முட்டி ஜவ்வு கிழிந்திருக்கிறது, மாவட்ட லீக் ஆட்டத்தில். நான் எங்கே, அவர் எங்கே. ஆனால் முட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. ஏழு மாதத்தில் ஓட ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் சரி என்றார், கால் சரி என்றது, மனசு மட்டும் கேட்கவில்லை. பந்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் வந்தால் போதும், நம்மை அறியாமல் கால் அரை வினாடி பின்வாங்கும். எனக்கு அது போகவே இல்லை. ஃபல்காவோ காயம் பட்டு ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் 1-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு லோனில், அதாவது மொனாகோ வீரராகவே தற்காலிகமாக, வந்தார். டிவியில் பார்த்தபோது அதே அரை வினாடியை அவரிடம் பார்த்தேன். பந்து வரும், இடம் இருக்கும், அடிக்க வேண்டிய கணத்தில் கால் ஒரு தடவை யோசிக்கும். 2015 மார்ச்சில் அவரை 21 வயதுக்குட்பட்டோர் அணியோடு டாட்டன்ஹாமுக்கு எதிரே ஆட வைத்தார்கள். அவருக்கு அப்போது வயது 29. சூப்பர் கோப்பையில் செல்சியைச் சிதறடித்தவர் பையன்களோடு ஆடினார், முகம் சுளிக்காமல் ஆடினார். செல்சியில் அடுத்த வருடமும் பெரும்பாலும் காயம்தான்.

உங்கள் கட்டுரை இங்கே நின்றுவிட்டது. நான் கேட்பதெல்லாம் இதற்கு மேல் ஒரு பத்தி.

2016-இல் மொனாகோ திரும்பினார், கேப்டன் ஆனார். பயிற்சியாளர் லியோனார்டோ ஜார்டிம். பக்கத்தில் 18 வயது எம்பாப்பே, பெர்னார்டோ சில்வா, லெமார், ஃபாபினியோ. 2017 பிப்ரவரி 21, சாம்பியன்ஸ் லீக், மான்செஸ்டர் சிட்டி மைதானம். அதே ஊர். பாய்ந்து தலையால் ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது, சிட்டி கோல்கீப்பர் கபயேரோ தடுத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சுருங்கியிருப்பார்கள். பதினொரு நிமிடம் கழித்து டிஃபெண்டர் ஸ்டோன்ஸ் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓடி வர, அவரைத் தோளால் சமாளித்து, வெளியே வந்த கபயேரோவின் தலைக்கு மேலே பந்தை அப்படியே தூக்கிப் போட்டார். அந்த அரை வினாடி தயக்கம் துளிகூட இல்லை. நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அன்று மொனாகோ 3-5 என்று தோற்றது, ஆனால் சொந்த ஊரில் 3-1 ஜெயித்து, மொத்தம் 6-6 ஆனபோது எதிரணி ஊரில் அடித்த கோல்கள் அதிகம் என்பதால் அடுத்த சுற்றுக்குப் போனது. அரையிறுதி வரை போனார்கள். பிரெஞ்சு லீக்கில் தொடர்ந்து நான்கு வருடம் வென்றிருந்த பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியைத் தள்ளி, 107 கோலோடு சாம்பியன் ஆனார்கள். அதில் 21 கோல் கேப்டனுடையது.

பிறகு இஸ்தான்புல்லில் கலாடசராய் கிளப். அதற்குப் பிறகு மாட்ரிட்டின் உழைப்பாளிகள் பகுதியான வயேகாஸில் இருக்கும் சின்னக் கிளப் ராயோ வயேகானோ. ஸ்ட்ரைக்கருக்குப் பழக்கமில்லாத 3-ஆம் எண் சட்டை போட்டு ஆடினார். 2021 அக்டோபரில் பார்சிலோனாவை 1-0 என்று சாய்த்த கோல் அவருடையது, அன்று இரவே பார்சிலோனா பயிற்சியாளர் கூமன் வேலை இழந்தார். 38 வயதில், சின்ன வயதிலிருந்து நேசித்த மியோனாரியோஸ் கிளப்புக்காக, சொந்த நாட்டின் முதல் டிவிஷனில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆடினார். கொலம்பியாவுக்காக 36 கோல், அந்த நாட்டில் அதிகம் அடித்தவர் அவர்தான்.

இதில் எதையும் கட்டுரையாளர் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். இட நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனால் தோற்றவர்கள் பட்டியலில் அவர் பெயர் வரும்போது முட்டி என்ற சொல்லாவது வந்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்தது யுனைடெட் சட்டையில் தலை குனிந்து நிற்கும் படம். 2018 உலகக் கோப்பையில், கசானில், போலந்துக்கு எதிரே 70-வது நிமிடத்தில் குயின்டேரோ கொடுத்த பந்தை வலது காலின் வெளிப்பக்கத்தால் தட்டி உள்ளே அனுப்பினார். உலகக் கோப்பையில் அவருடைய முதல் கோல் அது. வயது 32, இரண்டு முட்டியிலும் தழும்பு. அடுத்த முறை ஃபல்காவோ பற்றி வரும்போது அந்தப் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
நாகர்கோவில்