செயலாளரின் ஆண்டறிக்கை: கல்வித் திணைக்களத்தின் அதிகாரம் எதுவரை?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, பெற்றோர்களே,

எமது சனசமூக நிலையக் கல்விக் குழுவின் பரிசளிப்பும் விளையாட்டுப் போட்டியும் வழமைபோல் நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டில் எம்மை அதிகம் அலைக்கழித்தது, பாடசாலையொன்று விதியை மீறினால் திணைக்களம் என்ன செய்யலாம் என்ற கேள்வியே.

மாசி மாதத்தில் தாயொருவர், பாடசாலை கேட்ட காசு பற்றி, நாலாய் மடித்த கொப்பித்தாளொன்றைக் கொண்டுவந்தார். பிள்ளையின் கையெழுத்தில் ஒரு தொகையும் திகதியும் இருந்தனவே தவிர, அதிபரின் கையொப்பமோ பாடசாலை முத்திரையோ இல்லை. கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டும் கிடைக்கவில்லை. "இதோட பொலிசுக்குப் போகலாமோ?" என்று கேட்டார். காசு வாங்குவது பற்றிய விதி சுற்றறிக்கையாகவே உள்ளது; சுற்றறிக்கை என்பது பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று, அரச அலுவலரைக் கட்டுப்படுத்தும் நிர்வாகப் பணிப்பே என்பதால், முதலில் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுவதே முறை என்றோம். விசாரணை நடந்தது; காசு திரும்பியது.

அடுத்த முறைப்பாட்டில் தவறியவன் நானே. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்துக்குப் பின் மாகாணப் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழும் தேசிய பாடசாலைகள் நேரடியாக மத்திய கல்வி அமைச்சின் கீழும் இருக்க, தேசிய பாடசாலையொன்றைப் பற்றிய முறைப்பாட்டை மாகாணத்துக்கு அனுப்பிவிட்டேன். அது மத்திய கல்வி அமைச்சு இயங்கும் பத்தரமுல்லை இசுருபாயவுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு மாதம் வீணாயிற்று.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் விடயத்தில் நிலைமை வேறு. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் மேல் எல்லை 16 ஆனது. இது பெற்றோரையே கட்டுப்படுத்தும் சட்டம். ஆயினும் கூலி வேலைக்குப் போகும் தகப்பனை நீதிமன்றத்தில் நிறுத்துவதால் பிள்ளைக்குச் சப்பாத்து வந்துவிடாது என்பது அலுவலருக்கும் தெரியும். கிராம அலுவலருடன் நாம் சென்ற இரு வீடுகளில் ஒரு பிள்ளை மீண்டும் வகுப்புக்குப் போகிறது. மற்றக் குடும்பம் வன்னிக்குப் பெயர்ந்துவிட்டது.

உடற்தண்டனையைத் தடுக்கும் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கையைப் பற்றியும் பலர் கேட்டனர். தடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால் அது நிறைவேறிவிட்டதாக எண்ணுவோர் இன்னமும் உளர். மாணவரை ஆசிரியர் அடித்த வழக்கொன்றில், அது அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையின் மீறல் என 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே இது திணைக்களத்தின் உள்விவகாரம் மட்டுமன்று.

ரியூட்டரிகள் எனப்படும் தனியார் வகுப்புகள் பற்றிய முறைப்பாடுகளை நாம் ஏற்கவில்லை. பாடசாலைக்கான சுற்றறிக்கை அவற்றைக் கட்டாது.

அந்தத் தேசிய பாடசாலை பற்றி இசுருபாயவுக்கு மீள எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பம் சென்ற வாரம் பதிவுத் தபாலில் சேர்க்கப்பட்டது. 14 வேலை நாட்களுக்குள் அதன் மீது தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். தபால் பற்றுச்சீட்டு கோவையில் உள்ளது.

செயலாளர்